மாவலி கதையும் சிறார் வாதமும்: பாலராமபுரச் சூழலில் ஒரு நோக்கு

கதை கேட்கும் குழந்தையைக் கதையோடு வாதிடப் பழக்குதல் திறனாய்வுக் கல்வியின் முதற்படியாகும். 2007ஆம் ஆண்டின் கேரளக் கலைத்திட்டச் சட்டகம் திறனாய்வுக் கற்பித்தலையே தன் அடித்தளங்களுள் ஒன்றாகக் கொண்டது. எக்கதையை, எம்முறையில் வாதிக்கச் செய்வது என்பதே எஞ்சும் வினா. பாலராமபுரம் முதல் பாறசாலை வரையிலான எல்லைப்பகுதிக்கு மாவலி கதையினும் பொருத்தமானது பிறிதில்லை எனலாம்.

பாலராம வர்மா (1798–1810) காலத்தில் தமிழ்ப்பகுதியினின்று குடியமர்த்தப்பட்ட நெசவாளர் மரபு பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களில் வாழ்கிறது. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே இங்குள்ள தமிழ்க் குழந்தைக்கு ஒரே கதை இருவேறு வழிகளில் வந்து சேரக்கூடும். ஓணக்கதையில் அவன் 'மாவேலி'. ஏற்றத்தாழ்வின்றி ஆண்டு வஞ்சனையால் வீழ்ந்தவன். தமிழ் வைணவ மரபில் அவன் 'மாவலி'. அங்குப் போற்றப்படுபவன் உலகளந்தவனே. இம்முரண் மொழியெல்லையின் இருபுறமும் செம்மையாகப் பிரிந்து நிற்கவில்லை. ஓணத்தோடு இணைத்துப் பேசப்பெறும் திருக்காக்கரையின் மூலவர் வாமனரே. அத்தலத்தைத் தமிழில் பாடியவர் நம்மாழ்வார்.

இத்தகைய கதையைப் பள்ளிகள் பெரும்பாலும் பட்டிமன்றமாக்கிவிடுகின்றன. மணிமேகலை சுட்டும் பட்டிமண்டபத்தில் சமயவாதிகள் தத்தம் பொருளைத் தாமே நிறுவினர். இன்றைய பள்ளிமேடையிலோ பெரியோர் எழுதித் தந்ததைச் சிறார் ஒப்பிக்க, நடுவர் தீர்ப்பளிக்கிறார். மாவலியை நல்லவனாகவும் வாமனனைத் தீயவனாகவும் மாற்றி எழுதும் 'முற்போக்கு' மறுகூறலும் இதனின் வேறன்று. நம்பவேண்டிய ஆள் மாறுகிறானேயன்றி, நம்பும் முறை மாறுவதில்லை.

வாதம் வினாவிற் பிறத்தல் வேண்டும். வந்தவன் தன் பேருருவை முன்னரே காட்டியிருப்பின் மாவலி இசைந்திருப்பானா? சுக்கிரன் தடுத்தும் ஈந்தது கொடையா, செருக்கா? இவற்றினும் ஆழமானது மூன்றாவது வினா: மண் கைம்மாறியபோது அதில் வாழ்ந்தோரை எவரேனும் கேட்டனரா? இருவகைக் கூற்றிலும் குடிகள் வாய்திறப்பதில்லை. 1956இன் எல்லைக்கோட்டருகே வளரும் குழந்தைக்கு இது வெறும் ஏட்டு வினாவன்று. ஓணக்கோடி நெய்யும் வீட்டுக் குழந்தை, யாவரும் சமமாயிருந்த நாட்டில் துணி நெய்தவர் யார், உடுத்தவர் யார் என்றும் கேட்கக்கூடும். அவ்வினாவை ஆசிரியர் அடக்காதிருத்தலே முறை.

சமய உணர்வு புண்படும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. 2008இல் கேரளத்தின் ஏழாம் வகுப்புச் சமூகவியல் நூலில் இடம்பெற்ற 'மதமில்லாத ஜீவன்' என்னும் பாடம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆயினும் தீர்ப்புரைக்கும் பாடத்திற்கும் தீர்ப்பைக் குழந்தைகளிடமே விட்டுவிடும் வகுப்பிற்கும் வேறுபாடுண்டு. விடை கூறாவிடில் சிறார் குழம்புவர் என்பாரும் உளர். மாவேலி, மாவலி என்னும் இரு பெயர்களோடும் அக்குழந்தைகள் ஏற்கெனவே வாழ்ந்துவருவதை அவர்கள் நோக்குவதில்லை.