தேனீயின் மார்பும் ஸ்நாட்கிராஸின் பேனாவும்

பூச்சிகளை ரசிப்பவர்கள் பெரும்பாலும் இறக்கையோடு நின்றுவிடுகிறார்கள். பட்டாம்பூச்சியின் நிறத்தைப் பேசுவார்கள், தட்டானின் கண்ணாடிச் சிறகைப் பேசுவார்கள். அந்த இறக்கைகளைத் தாங்கி நிற்கும் மார்பை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பூச்சியின் உடம்பில் ஆகச் சிறந்த வேலைப்பாடு அங்கேதான் இருக்கிறது என்பேன். எனக்கு அதைக் காணக் கற்றுத் தந்தவை அமெரிக்கப் பூச்சியியலாளர் ராபர்ட் இவான்ஸ் ஸ்நாட்கிராஸின் (1875–1962) கோட்டோவியங்கள். ஆராய்ந்தவரும் அவரே, எழுதியவரும் அவரே, வரைந்தவரும் அவரே.

முன்மார்பு, நடுமார்பு, பின்மார்பு என்று மூன்று வளையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிக் கால், பின்னிரண்டில் இறக்கைகள். ஒவ்வொரு வளையமும் முதுகுத் தகடு, பக்கத் தகடுகள், அடித்தகடு சேர்ந்த பெட்டி. இந்தத் தகடுகளை மேலும் பகுத்து, 1824-இல் பிரெஞ்சு அறிஞர் ஓதுவான் முறையாகப் பெயர் வைத்தார். முதுகில் கேடயம் போலப் பரந்திருப்பது ஸ்கூட்டம். அதன் பின்னால் இருக்கும் சிறியது ஸ்கூட்டெல்லம். பெயர்கள் முதலில் மிரட்டத்தான் செய்யும். ஆனால் ஸ்கூட்டெல்லம் எது என்று தெரிந்தவர் நாற்றப்பூச்சியின் முதுகில் உள்ள முக்கோணத்தை உடனே இனம் காண்பார். நகைபோல மினுங்கும் கவசப் பூச்சிகளில் அதே முக்கோணம் வளர்ந்து வயிறு முழுவதையும் மூடிவிடுகிறது. பெயர் தெரியாதவர் அதை வண்டின் இறக்கை உறை என்றே நினைப்பார்.

ஸ்நாட்கிராஸின் கைத்திறனைப் பார்க்க 1910-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட அவருடைய தேனீ உடற்கூறு நூலை எடுக்க வேண்டும். தேனீயின் மார்பு முழுக்க ரோமம். அதை நீக்கிவிட்டு வெறும் தகடுகளை வரைகிறார். பகட்டான நிழல் தீட்டல் இல்லை. ஒரு தகடு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒரே கோடு, அதுவும் தயக்கமில்லாத கோடு. எது விறைப்பானது, எது வளைந்து கொடுக்கும் இடம் என்பது அதிலேயே புரிந்துவிடும். நல்ல புகைப்படம்கூட இதைச் செய்வதில்லை. அதில் எல்லாமே ஒரே அழுத்தத்தில் விழுந்து, மூட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

அந்த மூட்டுகளில்தான் பறத்தலின் சூட்சுமம். தேனீக்குப் பறக்கும் பலம் தரும் பெரிய தசைகள் இறக்கையைத் தொடுவதே இல்லை, பெட்டியைத்தான் இழுக்கின்றன. செங்குத்தாக நிற்கும் தசைகள் சுருங்கினால் முதுகுத் தகடு தாழும், இறக்கை எழும்பும். நெடுக்காக ஓடும் தசைகள் சுருங்கினால் முதுகு வில்லாக வளையும், இறக்கை கீழே அடிக்கும். பக்கத் தகட்டின் மேல் விளிம்பில் துருத்தி நிற்கும் சிறு முனைதான் முட்டு. ஏற்றக்கால் மேல் துலா சாய்வதுபோல இறக்கை அதன்மேல் சாய்கிறது. நொடிக்கு 200 தடவைக்கு மேல்! ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக நரம்பு உத்தரவு வருவதில்லை. ஒரு தசை சுருங்கும்போது எதிர்த்தசை இழுபடுகிறது. அந்த இழுவையே அதைச் சுருங்கத் தூண்டுகிறது. குளிர் வந்தால் இறக்கையை அசைக்காமலே இதே தசைகளை இயக்கிச் சூடு உண்டாக்கி, புழு அடைகளை ஏறக்குறைய 35 டிகிரியில் காக்கின்றன தேனீக்கள்.

இன்னொரு விநோதம். தேனீயின் இடுப்புக்கு முன்னால் நாம் மார்பு என்று பார்ப்பதில் மூன்றல்ல, நான்கு வளையங்கள் இருக்கின்றன. புழுவாக இருந்தபோது வயிற்றின் முதல் வளையமாக இருந்தது, கூட்டுப்புழுப் பருவத்தில் முன்னால் நகர்ந்து மார்போடு ஒட்டிவிடுகிறது. புரோபோடியம் என்பது அதன் பெயர். அந்த மெல்லிய இடுப்பு உண்மையில் வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் விழுந்த ஒடுக்கம். ஒட்டு வேலை இத்தனை சுத்தமாக இருப்பதால், புழுவிலிருந்து தொடர்ந்து பார்த்தால் ஒழிய யாருக்கும் பிடிபடாது.

ஈ வேறு வழியில் போனது. நடுமார்பு பெருத்து, பின்மார்பு சுருங்கி, பின்னிறக்கைகள் ஹால்டியர் எனும் குமிழ்க் காம்புகளாகிவிட்டன. பறக்கையில் உடல் திரும்புவதை உணர்த்துபவை அவை. பழ ஈயில் பின்மார்பு நடுமார்பாக மாறும் பிறழ்வை 1915-இல் மரபியலாளர் கால்வின் பிரிட்ஜஸ் கண்டார். பிற்பாடு இன்னொரு மரபியலாளரான எட்வர்ட் லூயிஸ் இத்தகைய பிறழ்வுகளைச் சேர்த்து நான்கு இறக்கை ஈயையே உருவாக்கினார். 1995-இல் நோபல் பரிசு பெற்றார். மார்பின் தகடுகளுக்குப் பெயரும் எல்லையும் வகுத்திராவிட்டால் அந்த மாற்றத்தை விவரிக்கவே வழியிருந்திருக்காது.

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் வீட்டு ஈயே போதும்: முதுகில் நான்கு கருங்கோடுகள், கடைசியில் ஸ்கூட்டெல்லம், இறக்கைக்குப் பின்னால் ஹால்டியர். ஸ்நாட்கிராஸின் 1910 நூல் அமெரிக்க அரசு வெளியீடு, இன்று காப்புரிமை இல்லாதது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உரையைப் பிறகு படிக்கலாம், முதலில் படங்களைப் பாருங்கள்.