வலுக்குறைந்த கையும் அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியும்

அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியில் முதல் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்ற, மேலே இருக்கும் ஸ்லைடைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்து விட வேண்டும். உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை எதிர்த்துச் செய்யும் இந்த வேலையில்தான் மூட்டுவாதக்காரர்களும் முதியவர்களும் திணறுகிறார்கள். தற்காப்புக்கெனத் துப்பாக்கி வாங்கும் வழக்கம் வேரோடிய அமெரிக்காவில், பயிற்சியாளர்கள் பலர் இதற்கு ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள்: தேவை பலமல்ல, முறை. இந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதி ஆபத்தானது.

சரியான பாதியை மறுப்பதற்கில்லை. விரல் நுனிகளால் ஸ்லைடைக் கிள்ளி இழுப்பவர் தோற்கத்தான் செய்வார். உள்ளங்கையால் மேலிருந்து கவ்விக்கொண்டு, துப்பாக்கியை மார்புக்கு அருகில் வைத்து, பிடியைப் பற்றிய கையை முன்னே தள்ளினால் விரல்களின் வேலையைத் தோளும் முதுகும் பகிர்ந்துகொள்கின்றன. வெளியே சுத்தியல் தெரியும் துப்பாக்கியானால் முதலில் அதைப் பின்னுக்கு மடக்கிவிட்டால் ஸ்லைடு இன்னும் இலகுவாக வரும். இப்படி இழுக்கும்போது உடலைத் திருப்புபவர்கள் குழல்வாயைப் பக்கத்தில் நிற்பவர் பக்கம் திருப்பிவிடுகிறார்கள் என்பது மட்டும் எச்சரிக்கை.

தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்மித் அண்ட் வெஸன் 2018இல் 380 தோட்டாவுக்கும், 2020இல் 9 மி.மீ. தோட்டாவுக்கும் ஷீல்டு ஈஇஸட் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தது. மெல்லிய ஸ்பிரிங், உள்ளே மறைந்த சுத்தியல், ஸ்லைடின் பின்முனையில் விரல் வழுக்காமல் நிற்கப் புடைப்பு, மேகசினில் தோட்டா நிரப்பும்போது ஸ்பிரிங்கைக் கீழே அழுத்திப் பிடிக்கப் பொத்தான் என எல்லாம் யோசித்துச் செய்யப்பட்டவை. சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கி என்று எண்ணி வாங்கி ஏமாந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். 1931இல் வந்த வால்தர் பிபிகே போன்ற சிறிய துப்பாக்கிகளில் வெடிக்கும் நொடியில் குழலைப் பூட்டி வைக்கும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். எனவே அளவில் பெரிய, குழல் பூட்டிக்கொள்ளும் 9 மி.மீ. துப்பாக்கியைவிட அவற்றின் ஸ்லைடை இழுப்பது கடினமாகவே இருக்கும்.

முறையும் வடிவமைப்பும் சேர்ந்து தீர்ப்பது முதல் இழுப்பை மட்டும். வாங்க வருபவர்கள் கடையில் வெறும் துப்பாக்கியைக் கையில் எடுத்து, நிதானமாக நின்று, இரு கையாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்து, "முடிகிறது" என்று சொல்லிப் பணம் கட்டுகிறார்கள். துப்பாக்கி சோதிக்கப்பட வேண்டிய இடம் அதுவல்ல. சுடும்போது அது சிக்கிக்கொள்ளும் இடம்தான்.

வலுக்குறைந்த கையில் துப்பாக்கி சிக்குவது தற்செயல் அன்று. வெடித்த அழுத்தத்தில் ஸ்லைடு பின்னே பாய்ந்து, வெறுங்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை வாரிக்கொண்டு முன்னே வர வேண்டும். அதற்கு அடிச்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும், நிறுத்துவது மணிக்கட்டு. மணிக்கட்டு தளர்ந்தால் அடிச்சட்டமும் ஸ்லைடோடு பின்னே போகிறது. ஸ்லைடு முழுத் தூரம் ஓடுவதில்லை. வெறுங்கூடு வெளியேறாமல் வாயிலில் செங்குத்தாக நிற்கும், அல்லது அடுத்த தோட்டா பாதியில் நிற்கும். எடை குறைந்த பிளாஸ்டிக் சட்டங்களில் இது இன்னும் எளிதாக நேர்கிறது. ஸ்லைடை இழுத்தபின் விட்டுவிடாமல் கையோடு முன்னே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வலுவற்ற கைகளுக்கு இயல்பாகிவிடுகிறது. மெல்லிய ஸ்பிரிங் அப்போது ஸ்லைடை முழுமையாக மூடாது. ஆக, எந்தக் கைக்குத் தடையை நீக்கச் சக்தி குறைவோ அந்தக் கையே தடையையும் அதிகம் உண்டாக்குகிறது. "முறை போதும்" என்பவர்கள் இந்த உண்மையைத் தொடுவதே இல்லை.

தடைகளில் கொடியது இரட்டைத் தோட்டாச் சிக்கல். சுட்ட கூடு குழலின் தோட்டா அறைக்குள்ளேயே தங்கிவிட, அடுத்த தோட்டாவின் மூக்கு அதன் பின்னால் முட்டி நிற்கும். ஸ்லைடைப் பின்னே இழுத்துப் பிடித்தபடி அதைப் பின்னாலேயே நிறுத்தும் தடுப்புக்கொண்டியைக் கட்டைவிரலால் மேலே தள்ள வேண்டும். மேகசின் தானாக விழாது. பிடுங்கி எடுக்க வேண்டும். பிறகு ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்துக் கூட்டை வெளியேற்றி, மேகசினைச் செருகி, மறுபடியும் இழுக்க வேண்டும். மூட்டுவாதம் பலரிடம் முதலில் பற்றுவது கட்டைவிரலின் அடிமூட்டை. இந்த வேலையில் அதிகம் நோவதும் அதுவே. பயத்தில் கை நடுங்கும் நேரத்தில், வியர்த்த விரல்களால் இதைச் செய்யச் சொல்லிவிட்டு முறையைப் பற்றிப் பேசுவது பொறுப்பற்றது.

தோட்டாவை எப்போதும் குழலின் அறையிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்ற யோசனையும் இதே குற்றத்துக்கு ஆளாகிறது. துப்பாக்கியைத் துடைக்கவோ பேரப்பிள்ளைகள் வரும் நாளில் வெறுமையாக்கவோ அதே ஸ்லைடைத்தான் இழுக்க வேண்டும். இழுக்க முடியாதவரிடம் இருப்பது தோட்டாவை இறக்க முடியாத துப்பாக்கி. பெரெட்டா 21ஏ பாப்கேட் போன்றவற்றில் நெம்புகோலைத் தள்ளினால் குழல் மேலே நிமிரும். தோட்டாவை நேரே வைக்கலாம், எடுக்கலாம். ஏற்றி இறக்க இது நல்ல தீர்வு. ஆனால் அதில் கூட்டை இழுக்கும் கொக்கி இல்லை. சுட்ட கூடு சிக்கினால் குச்சியால் குத்தித் தள்ள வேண்டியதுதான்.

ரிவால்வரே போதும் என்பாரும் உண்டு. ஸ்லைடு இல்லை, உண்மை. ஆனால் சுத்தியலை மடக்காமல் சுட்டால் ரிவால்வரின் விசையை அழுத்த ஏறத்தாழ 5 கிலோ அளவுக்கு விரல் வலு வேண்டும். சிறிய, இலேசான ரிவால்வரின் பின்னுதைப்பு நோயுற்ற மூட்டை இன்னும் வதைக்கும்.

வாங்கும் முன், பயிற்சியாளர் போலித் தோட்டாக்களை வைத்து இரட்டைச் சிக்கலை உண்டாக்கித் தர வேண்டும். பயிற்சி முடிந்து கை களைத்திருக்கும் நேரத்தில், வாங்குபவர் தனியாக அதை நீக்கிக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவருக்கு, ஸ்லைடு எவ்வளவு இலகுவானாலும், எந்த அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியையும் விற்கக் கூடாது.