ஆலை வாசல் தாண்டாத கிழங்கு

சர்க்கரை பீட்ரூட் கப்பலேறுகிற சரக்கு அல்ல. எடையில் முக்கால் பங்கு தண்ணீர். தோண்டிப் போட்டு நாளாக ஆக இனிப்பு இறங்கிவிடும். வயலுக்குப் பக்கத்திலேயே ஆலை வேண்டும். வெளிநாடு போவது பெரும்பாலும் அதிலிருந்து எடுத்த சர்க்கரைதான். அதை ஐரோப்பா விற்ற விதம் விசித்திரமானது: கரும்புச் சர்க்கரையைவிட அடக்கவிலை அதிகம், ஆனாலும் உலகச் சந்தையில் முன்வரிசை ஏற்றுமதியாளர்.

எவ்வளவு சர்க்கரைக்கு உயர்ந்த விலை கிடைக்கும் என்று அளவு கட்டிய, 1968-இல் வந்த ஒதுக்கீட்டு முறை இதைச் சாத்தியமாக்கியது. 2000-களின் தொடக்கத்தில் வெள்ளைச் சர்க்கரைக்கு டன்னுக்கு 631.9 யூரோ ஆதார விலை. உலக விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒதுக்கீட்டுக்கு மேல் விளைந்த ‘சி’ சர்க்கரையை மானியமின்றி வெளிநாட்டில் விற்க வேண்டும். மானியமின்மை ஏட்டளவில்தான். ஆலையின் நிலைச்செலவை உள்ளூர் விலையே சுமந்ததால், மிச்சத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ள முடிந்தது. பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2005 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் வென்றன. நியாயமான தீர்ப்பு.

ஆனால் அந்த உயர்ந்த விலையில் வேறு சிலருக்கும் பங்கு இருந்தது. 1975-இன் லோமே உடன்படிக்கைப்படி, பழைய காலனிகளிடமிருந்து ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் டன் கரும்புச் சர்க்கரையை ஐரோப்பா நல்ல விலைக்கு வாங்கியது. அதில் மற்ற எந்த நாட்டையும்விடப் பெரிய பங்கு மொரீஷியசுக்கு. ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களும் பிற இந்தியர்களும் வெட்டிய கரும்புத் தோட்டங்களின் நாடு அது. இந்த ஏற்பாட்டை வெறும் தர்மம் என்று தள்ளிவிட முடியாது. தீவின் பொருளாதாரத்துக்கு அது அடித்தளமாக இருந்தது. ஓட்டை எங்கே என்றால், வாங்கிய அளவுக்கு ஈடான சர்க்கரையை ஐரோப்பா மானியம் கொடுத்து மறுபடி வெளியே அனுப்பியது. மொரீஷியஸ் விவசாயி பிழைத்தார். சலுகைப் பட்டியலில் இல்லாத நாட்டின் கரும்பு விவசாயிக்கு விலை விழுந்தது.

தீர்ப்புக்குப் பிறகு வந்த 2006 சீர்திருத்தத்தில் ஐரோப்பாவின் ஆதார விலை 36 சதவீதம் வெட்டப்பட்டது. எனக்கு உறுத்துவது வெட்டு அல்ல, ஈடு கொடுத்த முறை. ஒதுக்கீட்டைத் திருப்பித் தந்த ஐரோப்பிய ஆலைக்கு டன்னுக்கு 730 யூரோ வரை கிடைத்தது. உடன்படிக்கை நாடுகள் 18-க்கும் சேர்த்து முதல் ஆண்டு ஒதுக்கியது 4 கோடி யூரோ. பிறகு கூடியது என்றாலும் அடி விழுந்த நேரத்தில் கையில் இருந்தது அவ்வளவுதான். விலைவெட்டு வரும் என்று தெரிந்ததும், ஏற்கெனவே நட்டத்தில் இருந்த செயின்ட் கிட்ஸ் 2005-லேயே சர்க்கரைத் தொழிலை மூடிவிட்டது. மொரீஷியஸ் ஆலைகளைக் குறைத்து, கச்சா சர்க்கரையை விட்டு வெள்ளைச் சர்க்கரைக்கு மாறி, 2009 முதல் ஜெர்மனியின் பீட்ரூட் நிறுவனமான சூட்சுக்கர் மூலமே விற்றது. பிழைக்கத் தெரிந்த தீவு!

2017 செப்டம்பர் 30-உடன் ஒதுக்கீடும் முடிந்தது. அடுத்த பருவத்திலேயே விளைச்சல் பெருகி விலை சரிந்தது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆலைகள் மூடப்பட்டன. போலந்து, இத்தாலி, ருமேனியா போன்ற நாடுகளோ பீட்ரூட் பரப்பைக் கணக்கிட்டு விவசாயிக்குத் தனி உதவித்தொகை தந்தன. திறந்த சந்தை என்று சொல்லிக்கொண்ட பிறகும் அந்த மானியம் நிற்கவில்லை.