சாம்பிளுக்கு ஒரு பாட்டி

மதுரை புது மண்டபத்தின் தூண்களில் நாயக்க மன்னர்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அந்த மண்டபத்தைக் கட்டிய திருமலை நாயக்கரும் அவர்களில் ஒருவர். மனைவியரோடு, தொந்தியை மறைக்காமல் நிற்கிறார். அந்தத் தொந்தியால்தான் அவரைச் சட்டென்று அடையாளம் தெரிகிறது. ஆளை உள்ளபடி காட்டுவதில் மதுரைக்கு அவ்வளவு பழைய தேர்ச்சி உண்டு.

அதே மதுரையில் இன்றைக்கு முகம் வரைந்து பிழைக்கிறவர், தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல ஒரு நோட்டீஸ் அடிக்கிறார். விசிட்டிங் கார்டு, மடித்த பிரசுரம், ஸ்டிக்கர் என்று இதில் பல தினுசு. சினிமாவுக்கும் நாவலுக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். ஒருவருடைய மாத வருமானத்தையே தலையில் சுமக்கிற பிட் நோட்டீஸுக்கு ஏன் ஒரு விமர்சனம் கூடாது?

முதலில் வாசகம். ‘பென்சில், சார்கோல், வாட்டர் கலர், ஆயில் பெயின்டிங், கண்ணாடி ஓவியம், சுவர் ஓவியம் மற்றும் அனைத்து விதமான ஓவியங்களும் தத்ரூபமாக வரைந்து தரப்படும்.’ ஏறக்குறைய எல்லா நோட்டீஸிலும் இதே வாக்கியம்தான். இந்த ‘மற்றும் அனைத்து’தான் வில்லன். எல்லாம் செய்வேன் என்கிறவரிடம் நீங்கள் எதை நம்பிக் கொடுப்பீர்கள்? என்ன சைஸ், எத்தனை நாள், என்ன விலை என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். இருக்காது. ‘ரேட்டைப் போட்டா பயந்துருவாங்க சார்’ என்பார்கள். உண்மையில் ரேட் போடாததைப் பார்த்துத்தான் ஜனங்கள் பயப்படுகிறார்கள். விலைச்சீட்டு இல்லாத ஜவுளிக்கடைக்குள் நுழைய எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

அடுத்தது படம். நூற்றுக்குத் தொண்ணூறு நோட்டீஸில் எம்.ஜி.ஆர்., ரஜினி, அப்துல் கலாம், அன்னை தெரசா. இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த முகம் என்றால், அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பவரே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளர் ரஜினியை வரையச் சொல்லி வருவதில்லை. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒருவர் வருகிறார். இறந்துபோன அம்மாவுக்கு இருக்கிற ஒரே போட்டோ ரேஷன் கார்டில் ஒட்டியது. முத்திரை பாதி முகத்தில் விழுந்திருக்கிறது. அல்லது கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் கடுகளவு தெரிகிற முகம். ‘இதை வச்சு வரைய முடியுமா?’ என்பது ஒன்றே அவருடைய கேள்வி. நல்ல போட்டோக்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கிற ரஜினியை வரைந்து காட்டுவது அதற்குப் பதிலே ஆகாது.

பதில் எது? இடது பக்கம் அந்தச் சிதைந்த போட்டோ. வலது பக்கம் அதிலிருந்து வரைந்த பாட்டி. குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு இந்த ஜோடியை அச்சடித்தால் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

அச்சை நம்பி முகம் வரைகிறவர் பிழைப்பது புதிய விஷயம் இல்லை. 1848-ல் பிறந்த ரவிவர்மா அடிப்படையில் போர்ட்ரெய்ட் ஓவியர். ராஜாக்களும் திவான்களும் துரைமார்களும் அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். (அவருக்கு முந்தைய தலைமுறையில் திருவிதாங்கூர் அரண்மனையில் பெயரெடுத்த அழகிரி நாயுடு மதுரைக்காரர் என்பது உபரித் தகவல்.) ‘உம்முடைய படம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஏராளம், இரண்டு கையால் எத்தனை வரைவீர்? சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடியும்’ என்கிற ரீதியில் அவருக்கு 1884-ல் யோசனை சொன்னவர் திவான் டி. மாதவராவ். பத்து வருஷம் கழித்து, 1894-ல், ரவிவர்மா பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். ஜெர்மானிய நிபுணர்கள் வந்தார்கள். சரஸ்வதியும் லட்சுமியும் சாமானியர் வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். அச்சகம் மட்டும் நஷ்டத்தில் ஓடி, கடைசியில் அங்கே வேலை பார்த்த ஷ்லைஷர் என்கிற ஜெர்மானியர் கைக்கே போய்விட்டது. அச்சு ஓவியனுக்குப் பெயர் வாங்கித் தரும். பணத்துக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

மதுரையிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர் போனால் கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துவந்த சி. கொண்டையராஜு, 1940-களில் இந்த ஊரில் தங்கி ஸ்டூடியோ நடத்தினார். பக்கத்தில் சிவகாசி. தீப்பெட்டி லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரங்கள் காலண்டரும் அடித்தன. கொண்டையராஜுவும் சுப்பையா, ராமலிங்கம் போன்ற சீடர்களும் வரைந்த மீனாட்சி கல்யாணமும் கஜலட்சுமியும் ஊர் ஊராகப் போயின. படத்துக்குக் கீழே மளிகைக்கடைப் பெயர், ஜவுளிக்கடைப் பெயர். மூலையில் பொடி எழுத்தில் ஓவியர் கையெழுத்து. 1976-ல் அவர் மறைந்தபோது, அவர் படத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்த வீடுகளில் எத்தனையில் அவர் பெயர் தெரிந்திருக்கும்?

இதிலிருந்து மதுரை ஓவியர் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் எளிமையானது. நோட்டீஸின் ஆயுள் ஒரு நிமிஷம். காலையில் பேப்பருக்குள் செருகி வந்தால் உதறும்போதே விழுந்துவிடும்; மிஞ்சியது மாலையில் வடை மடிக்கப் போகும். காலண்டரின் ஆயுள் 365 நாள். ஆயிரம் நோட்டீஸ் அடிக்கிற காசில் நூறு ஒற்றைத்தாள் காலண்டர் அடிக்கலாம். மேலே தன் படம், கீழே மளிகைக்கடைக்குப் பதிலாகத் தன் பெயரே. அதை யாரிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். தெருவில் போகிறவரிடம் கொடுத்துப் பயனில்லை. பிரேம் போடுகிற கடை, போட்டோ ஸ்டூடியோ, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை போதும். முகத்தைப் பற்றிய நினைப்போடு ஜனங்கள் வருகிற இடங்கள் இவைதான்.

கொஞ்சம் டெக்னிக்கலாகவும் ஒரு குறை. பென்சில் ஓவியத்தைப் பளபள ஆர்ட் பேப்பரில் நாலு கலரில் அடிக்கிறார்கள். பென்சிலின் சாம்பல் நிறத்தை நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளைக் கலந்து கொண்டுவரும்போது, ஒரு மை கூடினாலும் பாட்டிக்குப் பச்சை பூத்துவிடும். மலிவு விலைக் கார்டு என்றால் இன்னும் ஆபத்து. செலவைக் குறைக்கப் பலருடைய கார்டுகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிப்பார்கள். உங்கள் படத்துக்காக யாரும் மையைத் திருகிச் சரிசெய்ய மாட்டார்கள். கறுப்பு மை மட்டும் போட்டு, பளபளப்பு இல்லாத கெட்டி அட்டையில் அடித்தால் பென்சில் பென்சிலாகத் தெரியும். செலவும் கூடாது. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் சைஸும் விலையும் எழுதிக் கொடுக்கலாம். லேமினேட் செய்த கார்டில் எழுதிப் பாருங்கள், மை விரலோடு வந்துவிடும்.

இதெல்லாம் அற்ப விஷயம் என்று தோன்றினால், கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. கட்டவுட்டும் பேனரும் கையால் வரைந்தவர்களுக்குச் சில வருஷங்களிலேயே வேலை இல்லாமல் போயிற்று. கோவையில் அப்பா காலத்திலிருந்து சினிமா பேனர் வரைந்த ஓவியர் ஜீவா, எழுத்துக்கும் வந்து ‘திரைச்சீலை’ நூலுக்குத் தேசிய அளவில் அங்கீகாரம் பெற்றார். எல்லோருக்கும் எழுத்து கைகொடுக்குமா? பலர் சாரத்திலிருந்து இறங்கி, சிறிய தாளில் முகம் வரைகிற இந்தத் தொழிலுக்கு வந்தார்கள்.

இப்போது இதற்கும் போட்டி. போட்டோவைப் பென்சில் படமாக மாற்றுகிற செயலி எல்லோருடைய செல்போனிலும் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு விநாடி போதும். ‘தத்ரூபம்’ என்கிற வார்த்தைக்கு இனி விலை இல்லை. தத்ரூபத்தை இயந்திரம் சும்மாவே தருகிறது. ஆனால் முத்திரை மறைத்த பாதி முகத்தை என்ன செய்யும்? அதற்குத் தோன்றிய ஒரு கண்ணை வைத்துவிடும். ஓவியர் அப்படிச் செய்வதில்லை. மகனை எதிரே உட்காரவைத்து, ‘அம்மாவுக்குக் கண்ணு உங்களை மாதிரியா, அக்கா மாதிரியா?’ என்று கேட்கிறார். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்கிறார். அக்காவுக்கு ஒரு போன் போகிறது. கடைசியில் வருகிறவள் அவர்களுடைய அம்மா.

விற்க வேண்டியது இந்த விசாரிப்பைத்தான். நான் பார்த்த எந்த நோட்டீஸிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனவே, முகம் வரைகிற நண்பர்களே, அடுத்த முறை அச்சகத்துக்குப் போகும்போது ரஜினியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். ஒரு பழைய போட்டோ, பக்கத்தில் நீங்கள் வரைந்த முகம், சைஸ், நாள், விலை, போன் நம்பர். அடியில் ஒரே ஒரு வரி: ‘போட்டோ சரியில்லை என்றாலும் வாருங்கள், பேசலாம்.’

வாசகர்களாகிய நீங்களும் ஒன்று செய்யலாம். காலை பேப்பரிலிருந்து அப்படி ஒரு நோட்டீஸ் விழுந்தால் கசக்குவதற்கு முன் புரட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் முகம் அழிந்துகொண்டே வரும் ஒரு போட்டோ இருக்கும். அந்த மூக்குத்தி எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே வரைந்துவிடுவது நல்லது.