உப்புத்தாள் மீட்கும் பளபளப்பு

திருவண்ணாமலை வெயில் கார்களுக்கு இரக்கம் காட்டாது. கிரிவலப் பாதையில் நிழலின்றி நின்றே பழகிய அம்பாசிடரின் கூரை சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்து, கீறலும் விழுந்திருக்கும். டிங்கரிங் பட்டறைக்காரர் அதன்மேல் சோப்புத் தண்ணீர் விட்டு 1500 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்க்கிறார், அடுத்து 2000. வண்டி இன்னும் மங்கிப்போக, பார்க்கிறவருக்கு மனம் பதறும். கீறலின் அடிமட்டத்துக்குச் சுற்றுப்பரப்பையும் இறக்குகிற வேலைதான் இந்தத் தேய்ப்பு. புதிய கார்களில் நிறத்தின்மேல் பூசும் நிறமற்ற கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். அப்படிப்பட்ட சிவப்பு வண்டியில் வழியும் நீர் வெள்ளையாக இருக்கும்வரை பயமில்லை. சிவந்தால் கிளியர் போய்விட்டது. விளிம்பில் பெயிண்ட் சீக்கிரம் தேயும் என்று முன்பே டேப் ஒட்டிவைக்கும் அந்த நிதானம்தான் எனக்கு இந்தத் தொழிலின் அழகு. பிறகு ரப்பிங் காம்பவுண்ட், கம்பளிச் சக்கரம். கூரையில் மலை தெரியும். கிளியரைத் தாண்டி ஆழக் கீறியிருந்தால் பெயிண்ட் அடித்தே ஆகவேண்டும்.