மேடை நன்று, கணக்கு தவறு

ஜப்பானில் குடியேறி ராக் வாசிக்கும் அயல்நாட்டுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் புகழ்ச்சிதான் வரும். எந்தச் சின்ன அரங்குக்குப் போனாலும் ஒலி துல்லியமாக இருக்கிறது, சொன்ன நேரத்துக்கு மேடை கிடைக்கிறது, வந்தவர்கள் கவனமாகக் கேட்கிறார்கள் என்பார்கள். கொஞ்ச நேரத்தில் பணப் பேச்சு வரும். அப்போது குரல் இறங்கிவிடும். வாசித்ததற்குச் சம்பளம் கிடைக்காததைக்கூட அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். வாசிப்பதற்குத் தாங்களே பணம் கட்ட வேண்டியிருப்பதுதான் உறுத்துகிறது. புகழப்படும் மேடையும் நொந்துகொள்ளப்படும் கணக்கும் ஒரே ஏற்பாட்டிலிருந்து வருபவை. ஒன்றைப் பாராட்டிவிட்டு மற்றதைக் கண்டும் காணாமல் விடுவது நியாயமாகாது.

அந்த ஏற்பாட்டை ஜப்பானில் 'லைவ் ஹவுஸ்' என்கிறார்கள். டோக்கியோவின் ஷிமோகிதாசாவா, கோஎன்ஜி, ஷின்ஜுகு போன்ற பகுதிகளில் குறுகிய படிக்கட்டில் இறங்கினால் தரைக்குக் கீழே இருக்கும் சிறு அரங்குகள் இவை. நூறு பேர் நின்றால் மூச்சு முட்டும் இடங்கள் நிறைய. கியோட்டோவில் 1973இல் தொடங்கிய ஜித்தோகுவும் அடுத்த ஆண்டு தொடங்கிய தகுதகுவும் பழைய சாக்கே மதுக் கிடங்குகளில் அமைந்தவை. ஷின்ஜுகு லாஃப்ட் 1976இல் திறந்து 1999இல் அதே ஷின்ஜுகுவின் கபுகிச்சோவுக்கு இடம் மாறியது. ஷிமோகிதாசாவாவின் ஷெல்டர் 1991இல் வந்தது. பெரிய மேடைகளுக்குப் போன ஜப்பானிய ராக் குழுக்களில் பெரும்பாலானவை இத்தகைய அரங்குகளில் வளர்ந்தவைதான்.

இவற்றின் தரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிற்பகலில் நடக்கும் ஒலிச் சோதனையில் பார்க்கலாம். ஒரு மாலைக்கு ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் 25 அல்லது 30 நிமிடம். கடைசியாக வாசிக்கப்போகும் குழுதான் முதலில் ஒத்திகை பார்க்கும். முதலில் வாசிக்கப்போகும் குழுவுக்குக் கடைசி ஒத்திகை. அந்தக் குழுவுக்காக அமைத்த டிரம்ஸும் மைக்கும் கலையாமல் நிற்க, ரசிகர்கள் உள்ளே வந்ததும் நிகழ்ச்சியைத் தொடங்கிவிடலாம். ஒவ்வொரு குழுவும் ஒரு தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பாடல் வரிசை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், எந்த இடத்தில் குரலுக்கு எதிரொலி வேண்டும், எந்தப் பாட்டுக்குச் சிவப்பு விளக்கு, எங்கே இருட்டு, எங்கே பேச்சு என்று எல்லாம் அதில் இருக்கும். பத்துப் பேர் வருவதே சந்தேகமான செவ்வாய்க்கிழமைக்கும் இந்தத் தாள் உண்டு. ஒலிப்பொறியாளரும் விளக்குக்காரரும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள். அதுவரை கேட்டிராத ஒரு பாட்டில், கடைசி வரிக்கு முன்னால் வரும் நிறுத்தத்தில் விளக்கைச் சரியாக அணைத்து ஏற்றுகிற அந்த ஊழியருக்கு இசை மேல் இருக்கும் மரியாதையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கருவிகள் விஷயமும் அப்படியே. மார்ஷல் ஆம்ப், 1975இலிருந்து விற்பனையில் இருக்கும் ரோலண்டின் ஜேசி-120 கிதார் ஆம்ப், பேஸுக்குத் தனி ஆம்ப், முழு டிரம்ஸ் தொகுதி எல்லாம் அரங்கிலேயே இருக்கும். கிதார்காரர் தோளில் கிதாரோடு ரயிலேறி வரலாம். டிரம்ஸ்காரர் ஸ்நேர், சிம்பல், பெடல் எடுத்து வந்தால் போதும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வேனில் ஆம்ப் ஏற்றி இறக்கியே முதுகு ஒடிந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. வீட்டில் கொஞ்சம் சத்தம் போட்டாலும் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டும் ஊர் டோக்கியோ. அதனால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒத்திகை ஸ்டுடியோக்கள் ரயில் நிலையங்களைச் சுற்றிலும் முளைத்திருக்கின்றன. ஒருவரோ இருவரோ போய்ப் பயிற்சி செய்தால் குறைந்த கட்டணம். சொந்தமாக ஓர் ஆம்ப்கூட இல்லாதவர் அங்கே முழுமையான ராக் இசைக் கலைஞராக வாழ முடிகிறது. இதற்கு இணையான வசதியை வேறு நாடுகளில் காண்பது அரிது.

இனி, மேடைக்குப் போகும் வழியில் நுழைவாயிலில் இருக்கும் சிறிய மேசையைப் பார்ப்போம். டிக்கெட் வாங்க வருகிறவரிடம் அங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: 'இன்று எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள்?' சொன்ன பெயருக்கு எதிரே ஒரு கோடு விழும். மொத்தக் கணக்கும் அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. 'நொருமா' என்று அழைக்கப்படும் இந்த டிக்கெட் பங்கு முறைப்படி, ஒவ்வொரு குழுவும் குறிப்பிட்ட எண்ணிக்கை டிக்கெட்டுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும். 20 டிக்கெட், ஒன்று 2,000 யென் என்று வைத்துக்கொள்வோம். குழுவின் பெயரைச் சொல்லி ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றால், மீதி 15 டிக்கெட்டுக்கான 30,000 யென்னை அந்த இரவே குழு கட்டிவிட்டுப் போக வேண்டும். இருபதைத் தாண்டினால் மேற்கொண்டு வரும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் பாதி அளவில் குழுவுக்குக் கிடைக்கலாம். எண்ணிக்கையும் விலையும் பங்கும் அரங்குக்கு அரங்கு மாறும். ஆனால் நட்டம் யார் தலையில் விழும் என்பது மாறுவதில்லை.

அரங்கின் பக்கமிருந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து குழுக்கள், குழுவுக்கு 40,000 யென் பொறுப்பு. ஒரு ரசிகர்கூட உள்ளே வராவிட்டாலும் 2 லட்சம் யென் உறுதி. என் முதன்மையான ஆட்சேபம் இங்கேதான். ரசிகர் வந்தாலும் வராவிட்டாலும் வருமானம் உறுதி என்றாகிவிட்ட இடத்தில், ரசிகரைத் தேடிப்பிடிக்க வேண்டிய அவசரம் அரங்குக்கு இல்லாமல் போகிறது. பங்க் குழுவுக்குப் பிறகு மெல்லிசைக் குழு, அதற்குப் பிறகு கூச்சலும் இரைச்சலுமாக ஒரு பரிசோதனைக் குழு என்று ஒட்டாத நிகழ்ச்சிகள் அமைகின்றன. குழுவினர் தம் நண்பர்களையும் அலுவலகத்தாரையும் கெஞ்சிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டதற்காக வந்தவர், கூப்பிட்டவரின் அரை மணி நேரம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார். மிச்சமிருப்பது மற்ற நான்கு குழுக்களின் உறுப்பினர்கள். இசைக் கலைஞர்கள் மாறி மாறி ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி, அதற்கு எல்லாரும் சேர்ந்து கட்டணம் செலுத்துகிற நிலை பல வார நாள் இரவுகளில் உருவாகிறது. 'கவனமாகக் கேட்கும் ஜப்பானிய ரசிகர்கள்' என்று புதிதாக வந்த அயல்நாட்டுக்காரர் வியக்கும் கூட்டத்தில் ஒரு பகுதி, தம் முறைக்காகக் காத்திருக்கும் சக கலைஞர்கள்தான்.

நடத்துபவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டோக்கியோவில் நிலையத்துக்கு அருகே இடம் பிடிப்பதும், அதற்கு ஒலித்தடுப்புச் செய்வதும், ஒலிக்கும் விளக்குக்கும் ஆள் வைப்பதும் பெரும் செலவு. இங்கிலாந்தின் பப் போன்ற இடங்களில் மதுவிற்பனை இசையைத் தாங்கிப் பிடிக்கும். ஜப்பானிய ரசிகரோ ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு இரவு முழுவதும் நின்று கேட்பவர். அந்த ஒரு கோப்பைகூடச் சட்டத்தால் வந்தது. திரையரங்கு, நாடக அரங்கு போன்றவற்றுக்கான 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் கடினமானவை என்பதால், சிறு லைவ் ஹவுஸ்களில் பலவும் உணவகமாக உரிமம் பெற்று நடக்கின்றன. எனவே டிக்கெட்டுக்கு மேல் 500 அல்லது 600 யென் கொடுத்து ஒரு பானம் வாங்கியாக வேண்டும். 1989, 1990ஆம் ஆண்டுகளில் 'இகாதென்' என்ற தொலைக்காட்சிப் போட்டி அறிமுகமில்லாத குழுக்களை ஒரே வாரத்தில் பிரபலமாக்கியபோது மேடை கேட்டு வந்தவர்கள் பெருகினார்கள். அப்படிப்பட்ட சூழலில் பங்குக் கட்டணம் கேட்பது அரங்குகளுக்கு எளிதாயிற்று. இது ஜப்பானுக்கே உரிய குற்றமும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்ட்ரிப்பில் 1980களில் குழுக்கள் முன்பணம் கொடுத்து டிக்கெட் கட்டுகளை வாங்கி விற்றன. 2020இன் தொடக்கத்தில் ஓசாகாவின் லைவ் ஹவுஸ்களில் கொரோனா பரவிய செய்தி வந்தபின் நாடு முழுவதும் இவை மூடிக் கிடந்த மாதங்களில், இந்தத் தொழிலின் கையிருப்பு எவ்வளவு மெலிந்தது என்பதும் தெரிந்துபோனது.

செலவு உண்மைதான். ஆனால் அந்தச் செலவை முழுக்கக் குழுவின் மேல் தள்ளும்போது அரங்கின் தேர்வுத் திறன் மழுங்கிவிடுகிறது. நல்ல குழு எது என்று காது கொடுத்துக் கேட்டுச் சேர்ப்பதைவிட, பணம் கட்டக்கூடிய குழு எது என்று பார்ப்பது லாபமாகிறது. இசைக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

அயல்நாட்டுக் கலைஞரின் மகிழ்ச்சியை இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் பகலில் ஆங்கிலம் கற்பிக்கிறவராகவோ கணினித் துறையில் இருப்பவராகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு மாதம் 7,000, 8,000 யென் என்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கின் செலவு. வெளிநாட்டு முகம் என்ற ஆர்வத்தில் சக ஊழியர்கள் வருவதால் டிக்கெட்டும் ஓரளவு விற்கும். சில ஆண்டுகளில் ஊர் திரும்பும்போது அந்த அனுபவத்தை இனிய நினைவாக எடுத்துப்போவார். அவரோடு அதே மேடையில் நின்ற இருபது வயது ஜப்பானிய இளைஞர், கடையில் பகுதிநேர வேலை செய்து, இசையையே பிழைப்பாக்கும் எண்ணத்தில் அதே தொகையைக் கட்டுகிறார். மாதம் மூன்று முறை வாசித்தால் கையில் எதுவும் மிஞ்சாது. கூட்டம் வராத இரவுகளில், கணக்கு முடிக்கும் நேரத்தில், நிகழ்ச்சி ஏற்பாட்டாளரின் விமர்சனத்தையும் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். அரங்கோடு தொலைபேசியில் பேசுவது, படிவம் நிரப்புவது எல்லாம் அயல்நாட்டுக்காரரும் ஜப்பானியரும் சேர்ந்த குழுக்களில் ஜப்பானிய உறுப்பினரின் பொறுப்பாகவே முடிகிறது. அயல்நாட்டுக்காரரின் சாட்சியத்தை முழுச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

வெற்றிபெற்றவர்களைக் காட்டி இந்த முறையை நியாயப்படுத்துபவர்களும் உண்டு. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஃபிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெப்பே ஸ்மித், ஷின்கி சென், மசயோஷி காபே ஆகியோரோடு 'ஸ்பீட், க்ளூ அண்ட் ஷின்கி'யில் டிரம்ஸ் வாசித்துப் பாடினார். 1971இல் வந்த அவர்களின் 'ஈவ்' ஆசிய ராக்கின் கனமான இசைத்தட்டுகளில் ஒன்று. அமெரிக்க மெட்டல் குழுவான மெகாடெத்தை விட்டு விலகிய மார்ட்டி ஃப்ரீட்மன் 2000களின் தொடக்கத்தில் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தபோது உலகப் புகழும் ஜப்பானிய மொழியும் அவர் கையில் இருந்தன. தொலைக்காட்சி அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. கனடாவிலிருந்து ஆங்கில ஆசிரியராக வந்த மெய்னார்ட் பிளான்ட்டும் அவர் தம்பி பிளேஸும் இருக்கும் மங்கி மேஜிக் குழு, டோக்கியோவுக்கு வெளியே செண்டாயைத் தளமாகக் கொண்டது. 2006இல் 'சையூகி' தொலைக்காட்சித் தொடரின் பாடலால் நாடறிந்தது. அமெரிக்கக் குழுவான சோனிக் யூத்தில் இருந்த ஜிம் ஓ'ரூர்க்கால், தேர்ந்தெடுத்து நிகழ்ச்சி அமைத்த ரொப்போங்கியின் சூப்பர்டீலக்ஸ் போன்ற இடத்தில் தன் போக்கில் இயங்க முடிந்தது. 2002இல் தொடங்கிய அந்த இடம் 2019 தொடக்கத்தில் மூடிவிட்டது என்பது வருத்தமான செய்தி. இவர்களில் யாரையும் டிக்கெட் பங்கு முறை உருவாக்கிய கலைஞர் என்று காட்ட முடியாது. உள்ளூர்க் கலைஞர்களோடு சேர்ந்து அந்த ஊர் இசையைத் தம் இசையாக எடுத்துக்கொண்டதே இவர்களை நிலைக்க வைத்தது.

மாற்று வழி ஜப்பானுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு குழு தானே ஒரு இரவை எடுத்து, தன் இசைக்குப் பொருந்தும் குழுக்களை அழைத்து, அழைக்கப்பட்டவர்களுக்கு எந்தப் பங்கும் வைக்காமல் நடத்தும் வழக்கம் அங்கே வலுவாக உண்டு. அப்படிப்பட்ட இரவுகளில் ரசிகர்கள் முதல் குழுவிலிருந்து கடைசிக் குழுவரை நின்று கேட்கிறார்கள். ஒரு குழுவின் ரசிகர் மறு குழுவுக்கும் ரசிகராகிறார். நொருமா இல்லாமல், வசூலில் பங்கு பிரிக்கும் அரங்குகளும், கேட்டபின் விரும்பியதைப் போடும் உண்டியல் முறையில் நடக்கும் மதுக்கடைகளும் இருக்கின்றன. இங்கே ஒலியின் தரம் சில சமயம் குறையலாம். அந்தக் குறையை நான் ஏற்றுக்கொள்வேன். கையில் வருமானமுள்ள அயல்நாட்டுக் கலைஞர்கள் செய்யத்தக்க நல்ல காரியமும் இதுதான்: பங்குக் கட்டணத்துக்குச் செலவிடும் பணத்தில் இப்படி ஓர் இரவை எடுத்து, பணம் கட்டி வாசிக்கும் ஜப்பானிய இளைஞர்களை விருந்தினராக அழைக்கலாம்.

கிதாரோடு ஜப்பானுக்குப் போகிறவர்கள், மேடை தருகிறோம் என்று யாராவது சொன்னால் டிக்கெட் பங்கு எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு கேட்பதில் பயனில்லை. ரசிகராகப் போகிறவர்கள் ஒரு வார நாளில் ஷிமோகிதாசாவாவுக்கோ கோஎன்ஜிக்கோ போய் ஐந்து குழுக்களையும் இருந்து கேளுங்கள். நுழைவாயிலில் எந்தக் குழு என்று கேட்கும்போது 'யாரும் இல்லை, சும்மா வந்தேன்' என்று சொல்லிவிடாதீர்கள். சுவரொட்டியைப் பார்த்து ஒரு பெயரையாவது சொல்லுங்கள். அந்தக் குழு அன்றிரவு கட்ட வேண்டிய பணத்தில் ஒரு டிக்கெட் குறையும்.