குருபஞ்சாசிகா: சமய உறுதிமொழி யாரைக் கட்டுகிறது?

குருபஞ்சாசிகா, வச்சிரயான பௌத்தத்தில் தீட்சை பெறுபவர் தம் குருவிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஐம்பது பாடல்களில் கூறும் சிறிய வடமொழி நூலாகும். அசுவகோசர் இயற்றியது என்பது மரபு. ஆனால் புத்தசரிதம் பாடிய அசுவகோசர் இவராக இருக்க முடியாது. அவருக்குச் சில நூற்றாண்டுகள் பின்னரே தாந்திரிக நெறி உருப்பெற்றது. இந்நூல் திபெத்திய மொழியிலும் சீனத்திலும் பெயர்க்கப்பட்டது. திபெத்தின் கெலுக் மரபுக்கு அடித்தளமிட்ட சோங்கபா (1357–1419) இதற்கு உரை எழுதினார்.

தமிழில் சமயம் என்றால் மதம் அல்லது வேளை. வச்சிரயானத்தில் 'சமய' என்பது உடன்படிக்கை. அபிடேகத்தின்போது ஏற்கும் புனித உறுதிமொழி. அதை மீறும் செயல்களுள் பெரியவை 'பதினான்கு மூல வீழ்ச்சிகள்' எனப்படும். பட்டியலில் முதலாவது, குருவை இகழ்தல். அடுத்தடுத்த இடங்களில் உடன் தீட்சை பெற்றோரிடம் சினங்கொள்ளுதல், உயிர்களிடம் அன்பைக் கைவிடுதல் முதலியன வருகின்றன. பதினான்காவது, பெண்களை இகழ்தல். முதலாவதை எல்லோரும் சொல்லக் கேட்கலாம். பதினான்காவது அத்தனை அடிக்கடி காதில் விழுவதில்லை. குருவும் இதே உறுதிமொழிகளை ஏற்றவர்தாம் என்பதும் எளிதில் மறக்கப்படுகிறது.

குருபஞ்சாசிகாவுக்கும் இதே கதி நேர்ந்துள்ளது. குருவின் நிழலை மிதிப்பது தூபியை இடிப்பதற்கு ஒப்பு, அவரை இகழ்பவர் நோயுற்று நரகம் புகுவர் என்னும் பகுதிகளே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. குருகுலக் கதைகள் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவற்றில் வியப்பு இராது. ஆனால் இவற்றுக்கு முன்பே நூல் வேறொன்றைக் கூறிவிடுகிறது: தீட்சைக்கு முன் குருவும் மாணவரும் ஒருவரையொருவர் சோதித்தறிய வேண்டும், தவறினால் உறுதிமொழி முறிந்த குற்றம் இருவரையும் சேரும். இரக்கமற்றவர், சினம் மிக்கவர், செருக்குடையவர், தன்னடக்கம் இல்லாதவர், தற்பெருமை பேசுபவர் ஆகியோரைக் குருவாக ஏற்கக் கூடாது. பின்னர் இன்னொரு வழியும் திறக்கிறது. குருவின் கட்டளையைத் தக்க காரணத்தால் நிறைவேற்ற இயலாவிட்டால், அக்காரணத்தைப் பணிவுடன் எடுத்துரைத்து விலகலாம். கண்மூடிய கீழ்ப்படிதலுக்குச் சான்றாக இந்நூலைக் காட்டுவோர் இப்பாடலைப் படித்திருக்கிறார்களா என்பது ஐயமே.

அதற்காக நூலைக் குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. சோதித்தறிதல் முழுவதும் தீட்சைக்கு முன்னே நிற்கிறது. தீட்சைக்குப் பின் குருவே நெறி தவறினால் மாணவர் யாரிடம் முறையிடுவது? நூல் அதைத் தொடவில்லை. விலகலாம் என்ற ஒரு பாடலுக்கு எதிரே, அச்சுறுத்தும் பாடல்கள் அடுத்தடுத்து அணிவகுக்கின்றன. அஞ்சிய மாணவர் மனத்தில் எது தங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடைவெளியின் விலை அண்மைக் காலத்தில் வெளிப்பட்டது. 1993இல் தரம்சாலாவில் தலாய் லாமாவுடன் கூடிய மேலைநாட்டுப் பௌத்த ஆசிரியர்கள், நெறி தவறும் ஆசிரியரை மாணவர் நேரில் தட்டிக்கேட்க ஊக்குவிக்க வேண்டும் என்று திறந்த மடல் வெளியிட்டனர். 2017இல், மேற்குலகில் புகழ்பெற்ற ஒரு திபெத்திய ஆசிரியர் மீது அவருடைய நெடுநாள் மாணவர் எட்டுப் பேர், அடித்தல், பாலியல் அத்துமீறல் முதலிய குற்றச்சாட்டுகளை எழுத்தில் முன்வைத்தனர். அவ்வாறு எழுதியதே சமய முறிவு அல்லவா என்ற கேள்வி அப்போது எழுந்தது. மூல வீழ்ச்சிகளின் பட்டியலை இறுதி வரை படித்தவர்கள், முறித்தவர் யார் என்றும் சேர்த்தே கேட்டிருப்பார்கள்.